தில்லித் தங்கமும் உள்ளூர் மைதானங்களும்

1948 மார்ச் 3 அன்று தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. அதற்கு மூன்று ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 1951 மார்ச் 4 அன்று, தில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. போட்டியை நடத்திய நாடு எவ்வளவு புதியது என்பதை இந்த இரண்டு தேதிகளும் சேர்ந்து சொல்கின்றன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை மாகாணங்களோடு சேர்த்து ஒரே நாடாக்கும் வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. போட்டி நடந்த தேசிய விளையாட்டரங்கமே பவநகர் மகாராஜாவின் கொடையில் 1933இல் எழுந்தது. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பின் முதல் தலைவர் பாட்டியாலா மகாராஜா யாதவேந்திர சிங். கால்பந்து அணியின் பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம், 1948 செப்டம்பர் வரை நிஜாமின் ஆட்சியில் இருந்த ஐதராபாத்தைச் சேர்ந்தவர். இப்படிப் பல கொடிகளின் கீழ் வளர்ந்தவர்கள் ஒரே கொடியின் கீழ் நின்று ஆடிய பன்னாட்டுக் கால்பந்துப் போட்டி அது. அதை இந்தியா வென்றது. வென்றதற்குக் காரணமாக நாம் வழக்கமாகச் சொல்லிவரும் கதையைச் சற்று உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடலாம். பதினொரு நாடுகள் தில்லிக்கு வந்தன. அவற்றில் கால்பந்து ஆடியவை ஆறு: ஆப்கானிஸ்தான், இந்தியா, இந்தோனேசியா, ஈரான், பர்மா, ஜப்பான். தோற்ற அணி வெளியேறும் முறையில்தான் ஆட்டங்கள் நடந்தன. இந்தியா முதலில் இந்தோனேசியாவை 3-0 என்றும், அரையிறுதியில் ஆப்கானிஸ்தானை 3-0 என்றும் வென்றது. மறுபக்கம் ஈரான் பர்மாவை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தது. அங்கே ஜப்பானோடு கோல் ஏதுமின்றி ஆட்டம் முடிந்ததால், மீண்டும் ஒருமுறை மோதி 3-2 என்ற கணக்கில் தப்பித்தது. மார்ச் 10 அன்று இறுதியாட்டம். 34ஆவது நிமிடத்தில் சாகு மேவாலால் அடித்த ஒற்றைக் கோல் தங்கத்தை முடிவு செய்தது. மூன்று ஆட்டம், ஏழு கோல், எதிரணிக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை. அணித்தலைவர் சைலேன் மன்னா. பிரதமர் நேரு பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் அது. இந்தியா பன்னாட்டுக் கால்பந்தில் பெற்ற முதல் பட்டம் அதுதான்.

இந்த வெற்றியைப் பற்றிப் புழங்கும் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. பூட்ஸ் வாங்க வக்கில்லாத ஏழை நாட்டுப் பிள்ளைகள், பூட்ஸ் அணிந்த ஈரானியர்களை வெறுங்காலோடு எதிர்த்து நின்று வீழ்த்தினார்கள். இயற்கையாக வந்த திறமையும் நாட்டுப்பற்றும் சேர்ந்து ஓர் அதிசயத்தை நிகழ்த்தின என்பது அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையை நம்பினால், அதற்குப் பின் எழுபது ஆண்டுகளில் நடந்த எதையும் விளக்க முடியாது. திறமை வற்றிவிட்டதா, நாட்டுப்பற்று குறைந்துவிட்டதா என்ற வெட்டிக் கேள்விகளில்தான் போய் நிற்போம். 1951இன் தங்கம் ஒரு விளைச்சல். நாடு விடுதலை அடைவதற்கு முன்பே நகரங்களும் சமஸ்தானங்களும் காவல்துறையும் ரயில்வேயும் கழகங்களும் பள்ளிக்கூடங்களும் தத்தம் மைதானங்களில் ஊன்றி வளர்த்ததை, புதிய நாடு ஒரே வாரத்தில் அறுவடை செய்துகொண்டது. அறுத்தவர்கள் அடுத்த போகத்துக்கு நிலத்தைத் தயார் செய்யவில்லை. அந்த வெற்றியையும் பின்னர் வந்த வீழ்ச்சியையும் ஒருசேர விளக்க இது ஒன்றே போதும் என்பது என் கட்சி.

வெறுங்கால் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். அது வறுமையின் அடையாளமாக மட்டும் இருந்ததில்லை. ஒரு ஆட்டமுறையாகவும் இருந்தது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பாகான் அணி ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றபோது, பதினொருவரில் ஒருவர்தான் பூட்ஸ் அணிந்திருந்தார். அந்த வெற்றிக்குப் பிறகு வெறுங்காலுக்கு ஒரு பெருமையே வந்துவிட்டது. காய்ந்து இறுகிய தரையில் வெறுங்காலால் பந்தை அணைப்பதும், கட்டை விரலால் சட்டென்று திருப்புவதும், ஓடிக்கொண்டே நிலை மாறுவதும் எளிது. மழை பெய்துவிட்டால் கதை வேறு. அன்றைய பந்து தோலால் தைத்து, வாயை வாரால் இறுக்கிக் கட்டியது. தண்ணீரைக் குடித்து அது கனத்துவிடும். ஈரப் புல்லில் வெறுங்கால் வழுக்கும். பூட்ஸ் அணிந்தவரோடு கால் மோதினால் எலும்புதான் மிச்சம். கல்கத்தா ஆட்டக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் அணியினர், மழை நாளில் பூட்ஸ் அணிந்து ஆடிய பெயர் பெற்றவர்கள்.

ஆக, 1951 மார்ச் மாதத்துத் தில்லியின் காய்ந்த தரை இந்திய அணியின் கால்களுக்கு ஏற்றதாக அமைந்தது. அடுத்த ஆண்டு, 1952 ஜூலையில், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிரிலும் ஈரத்திலும் ஏறத்தாழ அதே அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அகமது கான். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. வெறுங்காலே வெற்றியின் ரகசியம் என்றால் ஹெல்சிங்கியில் ஏன் அது உதவவில்லை? வெறுங்காலே தோல்வியின் காரணம் என்றால் தில்லியில் ஏன் தடுக்கவில்லை? காலில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதைக் கொண்டு இரண்டையும் அளக்க முடியாது. அந்தக் கால்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அணியின் ஊர்களைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மன்னா ஹவுராவைச் சேர்ந்தவர். மோகன் பாகானின் தடுப்பாட்டக்காரர். மேவாலால் பீகாரில் பிறந்து கல்கத்தாவில் ஆடியவர். அகமது கான் பெங்களூர்க்காரர், சாலே கோட்டயத்துக்காரர். அசீசுதீனும் நூர் முகமதும் ஐதராபாத் தந்தவர்கள். இதில் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய சேதி ஒன்று உண்டு. அன்று கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்களத்தை ‘பஞ்சபாண்டவர்’ என்று அழைப்பார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய அந்த ஐவருமே தென்னாட்டவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு அந்தக் கழகம் 1949, 1950, 1951 என மூன்று ஆண்டும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. அவர்களில் மூவர் ஆசியப் போட்டிக்கும் போனார்கள். வங்கத்தின் பெருமையாகச் சொல்லப்படும் கால்பந்தின் ஒரு பாதி, தென்னாட்டு மைதானங்களில் பழகிய கால்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமனும் மைசூர் சமஸ்தானத்து ஆட்டக்காரர்தான். 1941இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பையை 1946இலும் 1952இலும் மைசூர் வென்றது தற்செயலாக நடந்ததாக இருக்க முடியாது. பெங்களூர் தண்டுப் பகுதியில் படைவீரர்களோடு ஆடி வளர்ந்த ஒரு தலைமுறை அங்கே இருந்தது.

ஐதராபாத்தின் கதை இதைவிடத் தெளிவானது. ரஹீம் தொழிலால் பள்ளி ஆசிரியர். 1943 முதல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தையும் நகரக் காவல்துறை அணியையும் கையில் எடுத்துக்கொண்டவர். பந்தைத் தன் காலோடு வைத்துக்கொண்டு நான்கு பேரை ஏய்த்துவிட்டுக் கைதட்டல் வாங்குவதுதான் அன்றைய ஆட்டக்காரனின் ஆசை. ரஹீம் அதை மாற்றப் பேசிக்கொண்டிருக்கவில்லை. போட்டியின் விதியையே மாற்றினார். பந்தை உருட்டிக்கொண்டு போகக் கூடாது, வந்த வேகத்தில் அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும் என்ற விதியோடு இளைஞர்களுக்குப் போட்டி நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று இன்னொரு போட்டி. வலக்கால்காரன் இடக்காலால் அடித்தே தீர வேண்டிய இந்த ஏற்பாட்டை, காசு பணம் இல்லாமலே எந்த ஊர்ப் பள்ளியும் செய்து பார்க்கலாம். அதன் பலன் கோப்பைகளில் தெரிந்தது. ஐதராபாத் நகரக் காவல்துறை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950இல் மோகன் பாகானைத் தோற்கடித்து டியூராண்ட் கோப்பையையும் வென்றது. அந்த ரஹீம்தான் தில்லியில் இந்திய அணியின் பயிற்றுநர். 1951 தங்கத்துக்கான பயிற்சி ஐதராபாத்தில் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது எது? கால்பந்து அன்று யாருக்கும் சம்பளம் தரும் தொழிலாக இல்லை. காவல்துறை, ரயில்வே, துறைமுகம், ராணுவம், அரசு அலுவலகம் ஆகியவை வேலை கொடுத்து, ஆடுவதற்கு நேரமும் கொடுத்தன. மன்னாகூட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர்தான். ஆட்டக்காரர்களை முதலில் உருவாக்கியது பள்ளி மைதானமும் டிரில் மாஸ்டரும். 1920இல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தென்னாட்டுப் பள்ளிகளுக்கு முறையாகப் பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்களை அனுப்பத் தொடங்கியது. மன்னர்கள் அரங்கமும் கோப்பையும் தந்தார்கள், சரி. ஆனால் பெரும்பாலான அரண்மனைகளின் ஆசை குதிரையிலும் கிரிக்கெட்டிலும் போலோவிலும்தான் இருந்தது. புதுக்கோட்டையின் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானும் குதிரைப் பந்தய மோகத்துக்குப் பேர்போனவரே. கால்பந்தை வளர்த்தது அரண்மனை முற்றம் இல்லை. காவலர் குடியிருப்பு, ரயில்வே காலனி, படைமுகாம், பள்ளிக்கூடம். பக்கத்துத் திருச்சியின் பொன்மலை போன்ற ரயில்வே ஊர்கள் இருந்த இடத்தில் விளையாட்டுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. பெருந்தொழிலோ படைமுகாமோ இல்லாத சிறு சமஸ்தானத்தில் அது கிடைக்கவில்லை. ஐதராபாத்துக்கும் மைசூருக்கும் கிடைத்த பெயர் புதுக்கோட்டைக்குக் கிடைக்காமல் போனதற்கு இங்குள்ள பிள்ளைகளின் கால்களில் குறை தேட வேண்டியதில்லை.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு, போட்டியே வலுவற்றது என்பது. ஆறே அணிகள், தென்கொரியா போரில் சிக்கியிருந்தது, பாகிஸ்தான் வரவில்லை, சீனாவும் ஆடவில்லை. மூன்று ஆட்டத்தில் வென்ற தங்கத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். வராதவர்களைப் பற்றிய பேச்சு நியாயமானதுதான். தென்கொரியா வந்திருந்தால் முடிவு மாறியிருக்கவும் கூடும். ஆனால் வந்தவர்கள் லேசுப்பட்டவர்களா? 3-0 என்று தோற்ற இந்தோனேசியா ஐந்தே ஆண்டுகளில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் சோவியத் ஒன்றியத்தை 0-0 என்று தடுத்து நிறுத்தியது. முதல் சுற்றிலேயே வெளியேறிய பர்மா 1966இலும் 1970இலும் ஆசியத் தங்கம் வென்றது. இறுதியில் தோற்ற ஈரான் 1974இல் தங்கம் பெற்றதோடு, 1968இலிருந்து தொடர்ந்து மூன்று முறை ஆசியக் கோப்பையையும் கைப்பற்றியது. மூன்றாம் இடம் பெற்ற ஜப்பான் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது. ஆப்கானிஸ்தான் நீங்கலாக, தில்லியில் இந்தியாவுக்குப் பின்னால் நின்ற எல்லோருமே பின்னர் ஆசியாவின் பெரிய அணிகளானார்கள். அன்று அவர்கள் வளராத அணிகள் என்றால், நாம் அவர்களுக்கு முன்பே வளர்ந்திருந்தோம் என்றுதான் பொருள். அந்த முன்னிலை எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

இரண்டாவது மறுப்பு, சொந்த மண். போட்டியை நடத்தும் நாடு வெல்வது கால்பந்தில் புதிதல்ல. 1930இல் உருகுவே, 1934இல் இத்தாலி, 1966இல் இங்கிலாந்து என்று உலகக் கோப்பையே சாட்சி. தில்லியிலும் தரை பழகியது, கூட்டம் நம்முடையது, பயணக் களைப்பு இல்லை. போதாததற்கு ஈரான் ஆறு நாளுக்குள் நான்காவது ஆட்டமாக இறுதியாட்டத்தை ஆடியது. இந்தச் சலுகைகள் உதவவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சொந்த மண் இருப்பதைப் பெருக்கும், இல்லாததை உண்டாக்காது. ஆசியப் போட்டியில் அடுத்துப் போட்டி நடத்திய பிலிப்பைன்ஸ், ஜப்பான், இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய எந்த நாடும் கால்பந்தில் தங்கம் வெல்லவில்லை. சொந்த மண்ணில் மீண்டும் ஒரு நாடு வெல்ல 1974இல் டெஹ்ரான் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் கதையே இன்னும் கூர்மையான சான்று. 1982இல் அதே தில்லி, புதிதாக எழுந்த நேரு விளையாட்டரங்கம், வண்ணத் தொலைக்காட்சி, பெருங்கூட்டம் எல்லாம் இருந்தன. இந்தியா காலிறுதியில் சவுதி அரேபியாவிடம் 0-1 என்று தோற்றது. அதே 1982இல் இந்தியா சொந்த மண்ணில் தொடங்கிய நேரு கோப்பையை, சொந்த அணி முதன்முதலாக வென்றது 2007இல்தான். மாறாக, 1962இல் ஜகார்த்தாவில் ஒரு லட்சம் பேர் கூச்சலிட்டு எதிர்த்த அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தன் இரண்டாவது தங்கத்தைக் கொண்டுவந்தது. அன்றும் பயிற்றுநர் ரஹீம். கோல் அடித்தவர்கள் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. அமைப்பு அவ்வளவு உறுதியாக இருந்திருந்தால் வெற்றி நிலைத்திருக்க வேண்டாமா? 1952இல் ஹெல்சிங்கியில் அடி. 1954இல் மணிலாவில், தில்லியில் நாம் சுலபமாக வென்ற அதே இந்தோனேசியாவிடம் 0-4 என்று தோற்று முதல் சுற்றோடு வீடு திரும்பினோம். அப்படியானால் 1951 ஒரு நல்ல வாரத்தின் அதிர்ஷ்டம்தானே? பதினோரு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய அணி இந்தியா. அந்த ஆட்டத்தில் நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். 1958 டோக்கியோவில் நான்காமிடம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் அடித்த கோல், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிக் கோலாக இன்றும் நிற்கிறது. 1962இல் தங்கம். ஏற்ற இறக்கம் இருந்தது. ஆனால் ஏறும் தெம்பும் இருந்தது. ஆனாலும் இந்த மறுப்பில் ஓர் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அமைப்பு தனித்தனித் தூண்களாகவே நின்றது. கல்கத்தா லீக் கல்கத்தாவோடு முடிந்தது. ரோவர்ஸ் பம்பாயில், டியூராண்ட் தில்லியில் நடந்தன. ஆண்டு முழுவதும் நாடு தழுவி நடக்கும் ஒரு தொடர் இல்லை. அத்தனையையும் ஒரே அணியாகப் பிணைத்தது பெரும்பாலும் ஒரு மனிதரின் மூளை. 1963இல் ரஹீம் இறந்தார். பிணைப்பும் அவரோடு போயிற்று. ஆசியப் போட்டியில் அதற்குப் பின் இந்தியக் கால்பந்துக்குக் கிடைத்த ஒரே பதக்கம் 1970இல் பாங்காக்கில் பெற்ற வெண்கலம்.

தில்லியில் மூன்றாமிடம் பெற்ற ஜப்பான் என்ன செய்தது என்பதை இதோடு ஒப்பிட வேண்டும். அங்கும் கால்பந்து யாருக்கும் தொழிலாக இல்லை. மிட்சுபிஷி, யான்மார், ஃபுருகாவா போன்ற நிறுவனங்கள் வேலை கொடுத்து வைத்திருந்த அணிகளே இருந்தன. நம் காவல்துறை, ரயில்வே அணிகளுக்கு அவை நேர் இணை. 1965இல் ஜப்பான் அந்த நிறுவன அணிகளில் எட்டைத் தேர்ந்து ஒரு தேசிய லீக்காகக் கோத்தது. ஒவ்வொரு அணியும் மற்ற ஏழோடும் இரண்டு முறை ஆட வேண்டும். ஆளுக்குப் பதினான்கு ஆட்டம். மூன்றே ஆண்டில் ஒலிம்பிக் வெண்கலம். அந்த நிறுவன அணிகளில் சில 1993இல் தொழில்முறை ஜே லீக்கின் கழகங்களாக மாறின. 1998 முதல் ஓர் உலகக் கோப்பையைக்கூட ஜப்பான் தவறவிடவில்லை. நம்மிடமும் நிறுவன அணிகள் இருந்தன; ஜப்பானைவிடப் பழைய கோப்பைகளும் இருந்தன. நாடு தழுவிய லீக் இங்கே தொடங்கியது 1996இல். முப்பத்தோரு ஆண்டு தாமதம். வறுமைதான் காரணம் என்பவர்கள், 1951இல் ஜப்பான் போரில் எரிந்த நகரங்களைக் கட்டிக்கொண்டிருந்த நாடு என்பதை நினைத்துப் பார்க்கலாம். கிரிக்கெட் கால்பந்தை விழுங்கிவிட்டது என்பவர்களுக்கும் தேதிகளே பதில் சொல்கின்றன. கபில்தேவ் உலகக் கோப்பையைத் தூக்கியது 1983இல்; கால்பந்தில் நம் கடைசி ஆசியப் பதக்கம் அதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்பே வந்து போய்விட்டது. கிரிக்கெட் வந்து பிடித்தது காலியாகக் கிடந்த இடத்தை.

இந்த வரலாற்றைப் புதுக்கோட்டை போன்ற மாவட்டத்திலிருந்து படிக்கும்போது ஒரு பயன் இருக்கிறது. பெரிய விளையாட்டு வீரர் ஒருவர் இங்கிருந்து எப்போது கிளம்புவார் என்றுதான் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். கிளம்பினார்கள். கத்தக்குறிச்சி கிராமத்தின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஓடிய கால்களுக்குப் பின்னால் நின்று வாதாட ஓர் அமைப்பு அன்று முன்வரவில்லை. செங்கல் சூளையில் கூலி வேலை பார்க்கும் நிலைக்கு அவர் வந்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. வெறுங்கால் கதையில் மயங்கும் மனம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. ஆளைத் தூக்கிக் கொண்டாடுவோம். ஆளுக்குப் பின்னால் இருக்க வேண்டியதைக் கட்டமாட்டோம்.

கட்ட வேண்டியது பெரிய அரங்கம் என்று நினைக்க வேண்டாம். கிழக்குக் கடற்கரை நெடுக, அதிராம்பட்டினம் தொடங்கி, எழுவர் கால்பந்துப் போட்டிகளுக்கு இன்றும் கூட்டம் கூடுகிறது. முதல் பரிசுக்கு ஆளுயரக் கோப்பையும் ரொக்கமும் அறிவித்துச் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். ஆனால் இவை பெரும்பாலும் தோற்றவர் வெளியேறும் போட்டிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாறு அணி வந்தால் மொத்தம் பதினைந்து ஆட்டம். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு போகும். கோப்பை வெல்லும் அணிக்கே நான்கு ஆட்டம்தான். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் பிழையைக் கண்டு திருத்திக்கொள்ள ஓர் ஆட்டம் போதுமா? அதே பணத்தில், எட்டு ஊர் அணிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றும் மற்ற ஏழோடு இரண்டு முறை ஆடும்படி வாரந்தோறும் நடத்தினால் ஐம்பத்தாறு ஆட்டம். ஒவ்வொரு பையனுக்கும் பதினான்கு. 1965இல் ஜப்பான் போட்ட கணக்கு இதுதான். பந்தல், மின்விளக்கு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டால் செலவும் கூடாது.

அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம், பொன்னமராவதி, மணமேல்குடி என்று மாவட்டம் முழுவதும் பள்ளி மைதானங்கள் இருக்கின்றன. இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களைத் தேர்வுப் பணிக்கும் வரிசை ஒழுங்குக்கும் மட்டும் பயன்படுத்தாமல், மாலை நேரத்தில் மைதானத்துக்கு விட வேண்டும். கோப்பைக்கு நன்கொடை தரும் வணிகர்களும் வெளிநாட்டில் உழைக்கும் ஊர்க்காரர்களும், அந்தப் பணத்தை ஓர் ஆண்டுத் தொடருக்கு ஒதுக்கலாம். நன்றாக ஆடும் பிள்ளைக்கு வேலை உறுதி என்று காவல்துறையும் கூட்டுறவு நிறுவனங்களும் முன்வந்தால் பெற்றோர் தடுக்கமாட்டார்கள். 1951இல் தில்லியில் வென்றவர்களுக்குக் கிடைத்திருந்தது ஒரு மைதானம், ஒரு வேலை, ஒழுங்காக நடக்கும் ஆட்டங்கள், சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர். நான்கும் ஒரு மாவட்டத்தின் சக்திக்கு உட்பட்டவையே. இந்தக் கோடை விடுமுறைக்குப் போட்டி நடத்தத் திட்டமிட்டிருக்கும் ஊர் மன்றங்கள், சுவரொட்டி அச்சடிப்பதற்கு முன் பக்கத்து ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து ஒரு லீக்குக்கான அட்டவணையைப் போட்டுப் பார்க்கட்டும்.